நூல் போடாத சட்டை

என் மாமனார் மேல் எனக்குப் பதினொரு வருஷம் ஒரு வருத்தம் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை. இப்போது சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் எல்லார் துணிக்கும் ஒரு நூல் உண்டு. சட்டையென்றால் காலருக்கு உள்பக்கம், துண்டென்றால் மூலையில், தலையணை உறையென்றால் வாய்ப்பக்கம், அரிசி நீளத்துக்கு மூன்று தையல். என் மனைவிக்குச் சிவப்பு. மகளுக்கு மஞ்சள். மனைவியின் தங்கை எப்போதாவது வந்தால் கட்டிக்கொள்ளும் துண்டுக்குப் பச்சை. அடுப்படியில் பாத்திரம் துடைக்கிற துணிக்குக்கூட ஆரஞ்சு. வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, இருப்பதிலேயே நல்ல போர்வையாகப் பார்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு பட்டப்பகலில் குறட்டை விட்டுவிட்டுப் போகிற என் சகலைக்கு ஊதா.

எனக்கு மட்டும் ஒன்றுமில்லை.

பதினொரு வருஷத்தில் எத்தனையோ தடவை காலரைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அளவுச் சீட்டு இருக்கும். வேர்வைக் கோடு இருக்கும். நூல் இருக்காது. பாத்திரம் துடைக்கிற துணிக்கு இந்த வீட்டில் உள்ள மரியாதை எனக்கு இல்லையா என்று உள்ளுக்குள் புழுங்குவேன். கேட்டிருக்கலாம். ஆனால் மாமனார் என்னைக் குடும்பத்தில் ஒருவனாக நினைக்கிறாரா இல்லையா என்பதை நானாகப் போய்க் கேட்டு வாங்குவதா? அவராகத் தரட்டும் என்று விட்டுவிட்டேன். வீம்புதான். வேறென்ன.

நூல் போட்டதெல்லாம் அவர் கைதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், தரைக்குக் கீழே இருக்கும் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். மேலே எத்தனை மாடி, எத்தனை டாக்டர் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார். அங்கே ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நூல். பிரசவத்துக்குச் சிவப்பு, குழந்தைகளுக்கு மஞ்சள், அவசரப் பிரிவுக்கு ஊதா. அந்த நூலைப் பார்த்துத்தான் பிரித்து அடுக்கி மேலே அனுப்புவார்கள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் தப்பு நடந்தது என்பார். ஒரு டாக்டரின் வெள்ளை அங்கி சமையல்கட்டுக்குப் போய்விட்டது. சமையல்காரர் அதைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்க வார்டுக்குள் போயிருக்கிறார். ஏழு பேர் அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டினார்களாம். அவரும் பார்த்து, ஆளுக்கு ஒரு டம்ளர் பால் அதிகமாகக் குடிக்கச் சொன்னாராம்.

"ஏழு பேரும் சீக்கிரமே வீட்டுக்குப் போயிட்டாங்க மாப்பிள்ளை. அதான் பெரிய விஷயம்" என்று ஒவ்வொரு தடவையும் முடிப்பார்.

மாமியார் போன பிறகு ஏழு மாசம் தனியாக இருந்தார். பிறகு என் மனைவி போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பை, நூல்கண்டுகள் நிறைந்த ஒரு பிஸ்கட் டின், அவ்வளவுதான் சாமான். எங்கள் வீடு இரண்டு அறை. நான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கூண்டுக்கு மேலேயும் கிணறு மாதிரிக் குழிக்குள்ளேயும் கிடந்துவிட்டு வருகிறவன், வீட்டிலாவது காலை நீட்ட இடம் வேண்டாமா என்று ஒரு வாரம் முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும். எங்கள் துணி அலமாரியைத் திறந்து பார்த்தார்.

"என்னம்மா இது, அலமாரியா பஸ் ஸ்டாண்டா? யாரு எங்க போறாங்கன்னே தெரியல" என்று மகளிடம் கேட்டார். அன்று மத்தியானமே பிஸ்கட் டின்னைத் திறந்தவர்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைமாடிப் படியிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, ஒரு கை பிடிக்க முடியுமா?"

ஒரு கைதானே என்று போனேன். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நான் முழுசாகப் படித்ததில்லை.

அவருக்கு விரிப்பைத் தனியாகக் கையாளப் பிடிக்காது. பெரிய துணிக்கு இரண்டு ஆள் என்பது சலவைக்கூடத்துச் சட்டம். அந்த முனையில் நான், இந்த முனையில் அவர். நான் வலப்பக்கம் முறுக்க, அவர் இடப்பக்கம் முறுக்க, நடுவில் தண்ணீர் கொட்டும். காய்ந்த பிறகு மறுபடியும் அதே மாதிரி எதிரெதிரே நின்று இழுக்க வேண்டும். இழுத்து, பாதியாக மடித்து, கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போகிற மாதிரி மெதுவாக ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வந்து முனையை முனையோடு சேர்க்க வேண்டும்.

"இழுங்க. இன்னும் இழுங்க. என்ன மாப்பிள்ளை, லிஃப்ட் கயித்தையும் இப்படித்தான் பிடிப்பீங்களா?"

"மாமா, இது பெட்ஷீட்டு. இதுல யாரும் ஏறி அஞ்சாவது மாடிக்குப் போகப் போறதில்ல."

"என் பொண்ணு ஏறிப் படுப்பாளே. சுருக்கம் இருந்தா காலையில நம்ம ரெண்டு பேரையும் மடிச்சு வச்சிடுவா."

மாடி வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் ஒருத்தர் குடியிருந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே எங்களை வேடிக்கை பார்ப்பார்.

"என்ன சார், மாமனாரும் மருமகனும் கயிறு இழுக்குற போட்டியா? யாரு ஜெயிக்கிறது?"

"வந்து நடுவுல நில்லுங்க, சொல்றோம்" என்பார் என் மாமனார்.

ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன்: "ஏன் மாமா, ஒரு சுருக்கம் இருந்தா என்ன, குடியா முழுகிடும்?"

அவர் கையிலிருந்த முனையை விடவில்லை. "எழுந்து நடமாடுறவனுக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ளை. திரும்பிப் படுக்க முடியாம கிடக்குறான் பாருங்க, அவனுக்கு அது முதுகுல கத்தி மாதிரி. நாங்க கீழ இருந்து அவங்க முகத்தைப் பாத்ததில்ல. ஆனா முதுகு எங்களுக்குத் தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காக இழுத்தேன்.

கொடியில் போடுவது என் வேலை, உயரம் இருக்கிறதல்லவா. எடுத்து மடித்து அடுக்குவது அவர் வேலை. மடிக்கிற மேஜைப் பக்கம் யாரும் வரக்கூடாது. அவரவர் துணியை அலமாரியில் அவரவர் தட்டில் வைத்துவிடுவார். தினமும் காலையில் என் வேலைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கும். கிரீஸ் மண்டிய குழிக்குள் இறங்குகிறவனுக்கு மடிப்புக் கலையாத சட்டை எதற்கு என்று என் கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். "என்னப்பா, லிஃப்டை ரிப்பேர் பண்ணப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்பார்கள். நான் என்ன சொல்ல? என் மேல் அக்கறை இல்லாத மனுஷன் தேய்த்த சட்டை என்று சொல்லவா? அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுதான் அதன் லட்சணம் தெரிகிறது.

என் சட்டைப் பையில் கிடக்கும் திருகாணி, வாஷர், துண்டு ஒயர் எல்லாவற்றையும் எடுத்து ஒரு காது உடைந்த கோப்பையில் போட்டு வைப்பார். ஒன்று தொலைந்ததில்லை. ஒரு தடவை கதவுப் பூட்டுக்குள் போகும் சின்ன ஸ்பிரிங் ஒன்றைக் காணாமல், புதுசு வரும்வரை பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று நான்கு நாள் படி ஏறி இறங்கியது. எல்லார் வாயிலும் நான்தான். ஐந்தாம் நாள் காலை ஒரு வாஷர் எடுக்க அந்தக் கோப்பைக்குள் பார்க்கிறேன், ஸ்பிரிங் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

"நாலு நாளா இதைத்தான் மாமா தேடிக்கிட்டு இருந்தேன்!"

"கோப்பையில பாக்குறதுதானே? நான் எங்க வைப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்தான். பார்க்கவில்லை. அது என் புத்தி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூத்து நடந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயசு. மாமனார் சின்ன மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தார். எனக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. துணியைத் துவைத்து, காயவைத்து, எடுத்ததெல்லாம் என் மனைவி. மறுநாள் மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வேலை இடத்திலிருந்து நேராகப் போக வேண்டும் என்று சுத்தமான சட்டை பேன்ட்டை ஒரு பையில் வைத்துக் கொடுத்திருந்தாள்.

லிஃப்ட் மோட்டார் அறையில் வைத்து மாற்றினேன். பேன்ட் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. இடுப்போ, இன்னொருத்தரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. நேரமில்லை. மிச்சமிருந்த ஒயரை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

டீச்சர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் பேன்ட் முழங்காலைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. என் மகள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல கொடுத்த கடிதம் கொண்டு வந்தீங்களா?" என்றார் டீச்சர்.

பேன்ட் பையில் கைவிட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த காகிதம் ஒன்று தட்டுப்பட்டது. எடுத்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகவே படித்தார்.

"'பிரேக் போடத் தெரியவில்லை. திருப்பத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். எதிரே ஆள் வந்தால் திட்டுகிறார். இன்னும் பத்து வகுப்பாவது தேவை.' இது... யாரைப் பத்தி?"

"எங்கப்பாவைப் பத்தித்தான் மிஸ்" என்றாள் என் மகள்.

வீட்டுக்கு வந்தால் படியில் மாடி வீட்டுக்காரர் நிற்கிறார், என் பேன்ட்டில். கீழே மூன்று மடிப்பு மடித்திருக்கிறார். "சார், காலையிலேருந்து கிளட்சை மிதிக்கிறேன், கூடவே உங்க பேன்ட்டும் உள்ள போகுது. கத்துக்க வந்தவர் பயந்து இறங்கி ஓடிட்டார்" என்றார்.

மனைவியைப் பிடித்துக்கொண்டேன். அவள் துளியும் அசரவில்லை.

"நான் என்னங்க பண்றது? மாடியில எல்லாருக்கும் ஒரே கொடி. நம்ம வீட்டுல நூல் இல்லாத துணின்னா உங்களுதுன்னு எடுத்தேன். அவர் பேன்ட்லயும் நூல் இல்ல."

அப்படிப் பார்த்தால் இந்த உலகத்தில் இருக்கிற துணியெல்லாம் என்னுடையதுதான்!

மாமனார் திரும்பி வந்ததும் அவளே சொல்லிவிட்டாள். நான் குளியலறையில் இருந்தேன். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அப்பா, இவருக்கும் ஒரு நூல் போட்டுடுங்களேன். ஊர் சிரிச்சுப் போச்சு."

"அவருக்கு எதுக்கும்மா? வேண்டாம்" என்றார் அவர். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

பிஸ்கட் டின்னில் பிரிக்காத நீல நூல்கண்டு ஒன்று இருந்தது. யாருக்கும் போடாத நிறம். அது எனக்கென்று வைத்திருக்கிறார், என்றைக்காவது பிரிப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு அந்த நினைப்பும் போயிற்று.

அடுத்த வருஷம் குழிக்குள் வழுக்கி என் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆறு வாரம் வலது கையைத் தூக்க முடியாது. தினமும் காலையில் அவர்தான் எனக்குச் சட்டை போட்டுவிட்டார். பட்டனைக் கீழேயிருந்து மேலே போட்டுக்கொண்டு வருவார். "மேலேயிருந்து போட்டா கடைசியில ஒண்ணு மிஞ்சும் மாப்பிள்ளை. கீழேயிருந்து போனா தப்பாது" என்பார். கைக்குழந்தை மாதிரி நின்றுகொண்டிருப்பேன். காலரை நீவிவிடுவார். அந்த நேரத்திலும் பாருங்கள், என் கண் காலருக்கு உள்ளேதான் போகும்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூன்று படி ஏறினால் நின்றுவிடுவார். மொட்டைமாடியை விட்டுவிட்டு, கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி மடிப்பதை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு திங்கட்கிழமை காலை டாக்டர் அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார். அதே பெரிய ஆஸ்பத்திரி.

"முப்பத்தொரு வருஷம் கீழேயே இருந்தேன். இப்பத்தான் மேல இடம் கொடுக்குறாங்க" என்றார்.

மனைவி தங்கையிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரர் கார் எடுத்து வரப் போயிருந்தார். பை அடுக்குகிற வேலை எனக்கு. மாமனாரின் தட்டில் கைவைத்தது அன்றுதான் முதல் தடவை. நான்கு சட்டை, இரண்டு பேன்ட், மூன்று துண்டு. அங்கே போனால் துணி கலந்துவிடுமே, இவருடைய நிறம் எது என்று காலரைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்ததைத் திருப்பினேன். துண்டு மூலையெல்லாம் பார்த்தேன். எதிலும் இல்லை.

பதினொரு வருஷமாக என் சட்டையை மட்டுமே திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

"மாமா, உங்க துணிக்கு என்ன கலர்?"

நாற்காலியில் சாய்ந்திருந்தார். "எனக்கு ஏது கலர்?"

"எனக்கும் இல்லையே மாமா."

இறுகிப்போன நட்டு திடீரென்று கழன்ற மாதிரி வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார்.

"அது இத்தனை நாளா மனசுல இருந்துச்சா?"

நான் துண்டை மடித்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன்.

"நூல் வார்டுக்குத்தான் மாப்பிள்ளை" என்றார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச்சு வந்தது. "எது யாருதுன்னு பிரிக்கணும்ல, அதுக்கு. கூடத்துல வேலை பாக்குறவங்க துணிக்குப் போட மாட்டோம். அது நம்ம துணி. நம்ம கையாலேயே துவைக்கிறோம், நம்ம துணி நமக்குத் தெரியாதா? உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் எப்பவும் ஆடும். இடது பையில திருகாணி இருக்கும். அதுக்கு மேல நூல் எதுக்கு?" கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வீட்டுல கூடத்து ஆளு ரெண்டே பேரு. நீங்க, நான்."

போனை வைத்துவிட்டு வந்த என் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் யாருப்பா?"

"நீ வார்டும்மா. பெரிய வார்டு."

"உங்க சின்ன மாப்பிள்ளை?"

"அவசரப் பிரிவு. திடீர்னு வருவாரு, எல்லாத்தையும் அழுக்காக்கிட்டுப் போவாரு. அதான் ஊதா."

அழுத கண்ணோடு அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வேறு ஏதோவும் வந்தது. அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"இப்ப நானும் வார்டுக்குப் போறேன்" என்றார். "எனக்கு ஒரு நூல் போடுங்க மாப்பிள்ளை. அந்த நீலத்தைப் பிரிங்க."

"நீலம் எந்த வார்டு மாமா?"

"எதுவும் இல்ல. யாருக்காவது தேவைப்படும்னு வாங்கி வச்சது."

ஊசியில் நூல் கோக்கவே எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. மூன்று துண்டிலும் நான்கு சட்டையிலும் போட்டேன். அவர் ஒரு துண்டை வாங்கி மூலையைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தார்.

"கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு."

"பிரிச்சுட்டு வேற போடட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். இப்படி வேற யாரும் போட மாட்டாங்க. இது எங்க போனாலும் திரும்பி வந்துடும்."

சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் ஒரு துண்டு ஆஸ்பத்திரி விரிப்புகளோடு கீழே போய்விட்டது. மறுநாள் மத்தியானம் சலவைக்கூடத்து அம்மா ஒருத்தர் படியேறி வந்தார். துண்டை நான்காக மடித்து, நீல நூல் மேலே தெரிகிற மாதிரி கட்டிலில் வைத்தார்.

"அண்ணே, இந்தத் தையலைப் பாத்துட்டு கீழ எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கோம். யாரு போட்டது?"

"எங்க கூடத்து ஆளு" என்று என்னைக் காட்டினார் என் மாமனார்.

எட்டு நாள்தான் இருந்தார். எட்டாம் நாள் காலை மனைவி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். ஜன்னல் வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. கண்ணை மூடியிருந்தவர் திறந்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"முதுகுக்குக் கீழ சுருக்கம். ஒரு கை பிடிக்க முடியுமா?"

நர்ஸைக் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாமென்று விரலை ஆட்டினார். படுத்திருந்த விரிப்பின் ஓரத்தைத் தேடி, இரண்டு விரலால் பற்றிக்கொண்டார். அந்த விரலில் ஒரு கைக்குட்டையைப் பிடிக்கிற பலம்கூட இல்லை. நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் முனையைப் பிடித்தேன். இழுத்தால் அவர் கையிலிருந்து நழுவிவிடுமோ என்று அப்படியே நின்றேன்.

"நான் பிடிச்சிருக்கேன்" என்றார். "நீங்க இழுங்க."